மருதவேளின் முதுகு

ஏரிகள் நிறைக, மடைகள் காலத்தில் திறக்க. வல்லேரி நாடாளும் கொற்றவேலன், மலைமாளிகையில் நோய்ப்படுக்கையிலிருந்து, தலைநகர்க் கலாசாலைத் தலைவர் பேராசான் நெடுங்கோவனாருக்கு விடுக்கும் ஓலை. நும் மாணாக்கர் நலம் பெறுக. நும் சுவடிகளைக் கறையான் அண்டாதிருக்க.

நும் ஓலை வந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டோம். சினம் கொள்ளத்தக்க செய்திதான். ஆனால் சினத்துக்கும் உடலில் வலு வேண்டும். எமக்கு இப்போது அது போதவில்லை.

படைகள் ஏன் சிதறுகின்றன என்று ஆய்ந்த மாணாக்கி இளவெயினி, தன் ஆய்வை அவையில் உரைக்கையில் ஒரு சீலை ஓவியத்தைத் தொங்கவிட்டாள் என்றீர். அதில் ஒருவன் களத்துக்கு முதுகு காட்டி ஓடுகிறான். அது யாருடைய ஓவியம் என்று நீர் வினவ, சுவடிக்கூடத்தில் கிடந்தது ஐயா, ஓடுகிற ஆள் ஒருவன் வேண்டியிருந்தது, இவன் நன்றாக ஓடுகிறான் என்றாளாம். அவையில் இருந்த பூந்துறைத் தூதர், ஓடுகிறவனின் தோளில் எம் குடிக்குரிய பச்சை குத்திய குறியைக் கண்டு, வல்லேரியார் வாளைவிடக் காலையே நம்பியவர் போலும் என்று நகைத்தார். தம் இளவரசருக்கு எம் பேர்த்தியைப் பெண் கேட்டு வந்தவர் அவர். மணப்பேச்சு அத்தோடு நின்றது.

ஓடுகிறவர் எம் பாட்டனார் மருதவேள். பூந்துறையாரோடு பொருதுகொண்டிருக்கையில் பேரேரி உடைந்தது. தாழ்வில் இருந்தவை இரு நாட்டு ஊர்களும். வாளை எறிந்துவிட்டு உடைப்பை அடைக்க ஓடினார். சீலையின் அடிவிளிம்பில் இவையெல்லாம் தீட்டியவர் பெயரோடு எழுதப்பட்டுள்ளன. மரச்சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அவ்விளிம்பை அவள் உள்ளே மடித்துவிட்டாள்!

சீலையை எரித்து அவளையும் நீக்கிவிடுவதாக எழுதியிருக்கிறீர். எரித்தால் மிஞ்சுவது தூதரின் நகைப்பு மட்டுமே. பெண்ணை நீக்கினால் அடுத்தவள் வேறொரு விளிம்பை மடிப்பாள். எத்தனை பேரை நீக்குவீர்?

தூதர் ஊர் திரும்புமுன் அதே அவையைக் கூட்டுக. இளவெயினியே சீலையை முழுதும் விரித்துத் தொங்கவிடுக. அதில் இருப்பவர் யார், நிகழ்ந்தது என்ன, தீட்டியவர் யார், எங்கிருந்து எடுத்தாள் என்பவற்றை அவள் வாயாலேயே உரைக்கட்டும். காட்டுவதற்கு எம் இசைவு இவ்வோலையே. தன் ஆய்வுக்கு இவ்வோவியம் சான்றாகாது என்று தெளிந்தால், அதையும் சொல்லி இறக்கிவிடட்டும். இனி நும் அவையில் எந்தப் படமும் பெயரின்றித் தொங்கலாகாது.

தூதரை முன்வரிசையில் அமர்த்துக. தீட்டியவரின் பெயர் வரும்போது மட்டும் அவள் சற்று உரக்கப் படிக்கட்டும். மருதவேளின் முதுகைக் கண்டவர் எம்மவர் அல்லர். எதிரே நின்ற பகைவர். நாணில் பூட்டிய அம்பை எய்யாமல் தாழ்த்திய வில்லாளி ஒருவர் பின்னாளில் தீட்டியது அது. அவர் பெயர் குமிழன். ஊர் பூந்துறை.

எம் குடியின் மானத்துக்கு எம் சொல் சான்றாகாது. அவர் பெயரே சான்று. மணம் கூடினும் கூடாவிடினும் அது படிக்கப்படுக. இஃது எம் ஆணை. அரக்கில் இலச்சினை இட்டோம். படுத்தபடியே இட்டதால் சற்றே சாய்ந்திருக்கும், எனினும் எம்முடையதே.