ஓடாதையும் என்று சொன்னவருக்கு

இஞ்சாருங்கோ,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்பார்கள். உங்களை நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை; பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. சமையலறையில் நின்று 'இஞ்சாருங்கோ' என்றால் எந்த அறையில் இருந்தாலும் வந்துவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் அப்படியே கூப்பிடுகிறேன்.

வருடாவருடம் உங்கள் திவசத்துக்கு எங்கள் தமிழ்ப் பேப்பரில் ஒரு படமும் நாலு வரிப் பாட்டும் போடுவோம். பாட்டில் நீங்கள் ஆலமரமாக நிழல் தருவீர்கள். பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மனிதரும் அதே ஆலமரம்தான். நீங்கள் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். இந்த முறை பாட்டு வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உங்கள் மகள் சுமதி சாம்பியாவுக்குப் போகிறாள். மிருக வைத்தியராகி இவ்வளவு காலமும் இங்கே மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் பூனைக்கும் நாய்க்குட்டிக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், இனிமேல் சிங்கங்களின் கழுத்தில் இறுகிய கம்பியை வெட்டப் போகிறாளாம். நீங்கள் செய்த அதே வேலை. வருகிற சனிக்கிழமை விமானம். வழியனுப்ப வருவீர்களா என்று என்னைக் கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் போன பிறகு என் காதுக்கு வந்த ஒரு விஷயம் அது. அவளுக்கு அது தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்கு எதையும் நேரே சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

சாவகச்சேரியில் மாட்டு வைத்தியருக்கு உதவியாளராக இருந்த ஒருவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன். கலியாண மஞ்சள் காய முதலே சாம்பியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றீர்கள். என்ன வேலை என்று கேட்டேன். "இதே வேலைதான். மாடு கொஞ்சம் வித்தியாசம்" என்றீர்கள். அங்கே போய் இறங்கின பிறகுதான் அந்த வித்தியாசத்துக்குப் பிடரிமயிர் இருக்கிறது என்று தெரிந்தது.

தகரக் கூரை போட்ட அந்த அரசாங்க வீடு ஞாபகம் இருக்கிறதா? உங்களோடு வேலை செய்த காட்டு வழிகாட்டியின் பெயர் பண்டா என்றதும், இங்கேயும் சிங்களவரா என்று நான் கேட்டு, நீங்கள் சிரித்து, அவருக்கும் சொல்லி அவரும் சிரித்தார். அவர்தான் உங்களுக்குச் சிங்கத்தைப் படிப்பித்தவர். நீங்கள் எனக்குப் படிப்பித்தீர்கள், அதுவும் எனக்கு உயிர் போகிற நேரத்தில்.

ஒரு பின்னேரம் கொடியில் காய்ந்த சேலையை எடுக்கப் போனேன். தண்ணீர்த் தாங்கியின் நிழலில் பெண் சிங்கம் ஒன்று படுத்திருந்தது. ஊரில் தெருநாயை விட்டு விலகிப் போவோமே, அந்த அளவு தூரம்தான். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. வாசலில் இருந்து உங்கள் குரல் கேட்டது. தேத்தண்ணி கேட்கிற அதே குரல்.

"இஞ்சாரும். ஓடாதையும். அதைப் பாத்துக்கொண்டே பின்னுக்கு வாரும்."

"எனக்குக் கால் வருகுதில்லை."

"வரும். ஒரு அடி வையும். பின்னால கல்லில்லை, நான் பாத்துச் சொல்லுறன்."

வந்தேன். கதவைச் சாத்திய பிறகு தாழ்ப்பாளைப் போடவே உங்களுக்கு மூன்று தரம் வேண்டியிருந்தது. நிலத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். "ஓடினால் நீர் அதுக்குச் சாப்பாடு. நிண்டால் அது கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசினைக்குள்ளதான் நாங்கள் தப்பவேணும்" என்றீர்கள். பயமில்லாத மனிதர் என்று உங்களைப் பற்றி ஊரில் ஒரு கதை இருக்கிறது. எனக்கல்லவா தெரியும், நீங்கள் எவ்வளவு பயந்தவர் என்று.

பிறகு அந்தத் தோள் காயம். மான் பிடிக்க யாரோ வைத்த சுருக்குக் கம்பி சிங்கத்தின் கழுத்தை இறுக்கிவிடும்; மயக்க ஊசி அடித்துப் படுக்க வைத்து அதை வெட்ட வேண்டும். மயங்கினாலும் சிங்கத்தின் கண் திறந்தபடியே இருக்கும் என்று, வெயில் படாமல் மூடுவதற்கு என் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கொண்டு போனீர்கள். கம்பி அறுந்த நேரம் மயக்கமும் அறுந்துவிட்டது. அது எழும்பி உங்கள் தோளைக் கவ்வியது. பண்டா ஜீப்புக் கதவில் இரும்பால் அடித்துக் கத்தியிருக்காவிட்டால் சுமதியை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். அவள் அப்போது என் வயிற்றில்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீங்கள் சொன்ன முதல் கதை, "உம்மட சேலை போச்சு. அதைத் தலையில போட்டுக்கொண்டுதான் பத்தைக்குள்ள போனது." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதுக்குப் பிறகும் அந்த மிருகத்தை ஒரு வார்த்தை திட்டமாட்டீர்கள். கண் விழித்தவுடன் தன்மேல் ஒருவன் குந்தியிருந்தால் அது வேறு என்ன செய்யும் என்பீர்கள்.

ஒப்பந்தம் முடிந்து குழந்தையோடு ஊருக்குத் திரும்பினோம். திரும்பியிருக்க வேண்டாம். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த அன்று காலை ஆமி எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கியது. பொடியங்கள் வேலி பாய்ந்து ஓடினார்கள், வெடி கேட்டது. நானும் சுமதியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடப் பார்த்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "ஓடாதையும்" என்றீர்கள், அதே குரலில். முற்றத்தில் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். ஓடியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. உங்களை ஒரு கிழமை வைத்திருந்து, அடித்து, விட்டார்கள்.

நீங்கள் திரும்பி வந்த அன்று உங்கள் கையைப் பிடித்து நான் ஒன்று சொன்னேன். "இனி எங்கயும் ஓடாதேங்கோ. எது வந்தாலும் இப்பிடியே நில்லுங்கோ." சிங்கம் சொல்லித் தந்த பாடத்துக்கு நான் அன்று வீட்டுத் தெய்வத்துக்கு வைப்பதுபோல நேர்த்தி வைத்தேன் என்றே சொல்லலாம். அந்த வார்த்தைதான் இப்போது என்னை விடமாட்டேன் என்கிறது.

அகதிகளாக மொன்றியலுக்கு வந்தோம். நோத்ர-டாம்-த-கிரேசில் ஒரு அப்பார்ட்மென்ட். ஒரு அறையில் நாங்கள், மற்ற அறையில் திருகோணமலை மரியதாஸ். அகதி விசாரணைக்கு முன் அவர் உங்களுக்குப் புத்தி சொன்னார். "அண்ணை, அந்தத் தோள் காயத்தை ஆமி செய்ததெண்டு சொல்லுங்கோ. ஆர் வந்து பாக்கப் போறான்?" நீங்கள் மறுத்துவிட்டீர்கள். "ஆமி செய்ததைச் சொன்னாலே போதும். சிங்கத்தின்ர பல்லுக்கு அவங்களில ஏன் பழி போடுவான்?"

விசாரணையில் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். சிங்கம் என்றீர்கள். மொழிபெயர்த்த பிள்ளை என்னைப் பார்த்து, "சிங்கமோ? மெய்யாவோ?" என்றாள். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிங்கத்தைப் பற்றியே கேட்கத் தொடங்கினார், நீங்களும் விட்டபாடில்லை. மேசைக்குக் கீழே நான் கிள்ளியது உங்களுக்கு உறைக்கவேயில்லை.

மெட்ரோவில் வரும்போது உங்களை ஏசினேன். "பிள்ளையின்ர வாழ்க்கையைக் கதைக்கக் கூட்டிக்கொண்டு போனால் நீங்கள் சிங்கத்தின்ர பல்லைக் கதைக்கிறியள்."

"ஒண்டில பொய் சொன்னால் மற்றதையும் நம்பமாட்டினம்" என்றீர்கள். கடைசியில் உங்கள் சிங்கத்தை நம்பியவர்கள் ஆமியையும் நம்பினார்கள். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை, அதையும் நீங்கள் சொல்லிக்காட்டாமல் விடவில்லை.

புவாண்ட்-கிளேரில் சாமான் அடுக்கும் ஒரு வெயார்ஹவுசில் மரியதாஸ்தான் உங்களைச் சேர்த்துவிட்டார். சிங்கத்துக்கு ஊசி போட்ட கை பெட்டி தூக்கியது. ஒருமுறை மூலைக் கடைக்கு, இங்கத்தை டெப்பனருக்கு, பால் வாங்கப் போனோம். வளைவில் ஒரு கார் வேகமாக வந்தது. நான் பாய்ந்து நடைபாதைக்கு ஏறிவிட்டேன். நீங்கள் தெருவில் நின்று, காரைத் திரும்பிப் பார்த்து, மெல்ல ஒரு அடி பின்னுக்கு வைத்தீர்கள். காரோட்டி பிரெஞ்சில் திட்டிக்கொண்டு போனான். "இவருக்குக் காரும் சிங்கம்தான்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் கூடச் சிரித்தீர்கள். அது சிரிக்கிற விஷயமா என்று ஏன் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை?

பனிக்காலம் வந்தது. வெயார்ஹவுஸ் முற்றத்தில் பின்பக்கமாக வந்த லொறி பனியில் சறுக்கியது. அதில் போய்விட்டீர்கள். விபத்து, பனிச் சறுக்கல் என்றார்கள். சுமதிக்கு இவ்வளவும்தான் தெரியும்.

மிச்சத்தை எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மரியதாஸ் சொன்னார். "அக்கா, ரெண்டு பக்கமும் இடம் இருந்தது. 'ஓடுங்கோ அண்ணை' எண்டு எல்லாரும் கத்தினம். அண்ணை ஓடேல்லை. லொறியைத் திரும்பிப் பாத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னுக்கு வந்தவர். பின்னால மதில். பயத்தில கால் வரேல்லைப் போல."

அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். கால் வராமல் இல்லை என்று எனக்குத் தெரியும். கால் வந்தது, படித்தபடியே வந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் அன்றைக்கு ஆள் இருக்கவில்லை.

லொறி யோசிக்காது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். கார் வந்த அன்று அந்தத் தெருவில் உங்களோடு நின்றவள் நான். எது வந்தாலும் நில்லுங்கோ என்று கையைப் பிடித்துச் சொன்னவளும் நான். சொல்லியிருந்தால் உங்கள் கால் கேட்டிருக்குமா? அல்லது நீங்கள் உண்மையாகவே சறுக்கித்தான் விழுந்தீர்களா? ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழும்போது இதையே கேட்கிறேன். உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை சுமதி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தமிழில் பாதி பிரெஞ்சு, அது கிடக்கட்டும். "அம்மா, அப்பா சிங்கத்துக்குப் பயப்பிடேல்லையோ?" என்று கேட்டாள்.

"நல்லாப் பயந்தவர். பயந்தபடியால்தான் தப்பினவர்."

அவள் ஒரு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "சிங்கத்தின்ர கண்ணை மூடத் துணி வேணும். அப்பாவுக்குக் குடுத்தமாதிரி எனக்கும் ஒரு பழைய சேலை தாங்கோவன்" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி எழும்பிப் போய்விட்டேன். போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. உங்களைப் போகாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. அந்தக் காடு உங்கள் உயிரை எடுக்கவுமில்லை. நீங்கள் செத்தது இங்கே, எல்லோரும் பத்திரம் என்று சொல்கிற இடத்தில். பிறகு எந்த முகத்தோடு அவளைத் தடுப்பேன்?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சனிக்கிழமை நான் போவேன். நாவல் நிறப் பருத்திச் சேலை ஒன்று இருந்ததே, அதைக் கிழித்து ஓரம் தைத்துவிட்டேன், அதைக் கொடுப்பேன். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று மரியதாஸ் சொன்னதை ஒன்றும் விடாமல் சொல்வேன். அழுவாள், அழட்டும். பிறகு நீங்கள் முற்றத்தில் என்னைப் பிடித்த மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடிப்பேன். சிங்கம் வந்தால் அப்பாவைப் போல நில் பிள்ளை, நின்று பின்னால் என்ன இருக்கிறது என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல். மற்றது எது வந்தாலும் ஓடு என்பேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கையை விடுவேன்.

உங்கள்
'இஞ்சாரும்',
சுமதியின் அம்மா