தோளில் வைக்கும் கேமரா

என்னங்க, நேற்று தஞ்சாவூரில் ஒரு கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் நாலைந்து வீடியோ கேமராக்களை வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பட்ஜெட் என்னங்கம்மா? எதுக்காக வாங்குறீங்க?" பக்கத்தில் நம் மகன். அவனும் துபாய்க்குப் புறப்படுகிறான். அங்கே இருந்து படம் எடுத்து அனுப்பத்தான் கேமரா. "அங்கயே மலிவா கிடைக்கும்மா" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தான். நான் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துப் போயிருந்தேன்.

எந்தக் கேமரா வாங்கலாம் என்று என்னிடம் முதலில் கேட்டது நீங்கள்தான். துபாயிலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு கேமரா பாத்து வச்சிருக்கேன் புள்ள. ஒண்ணு கைக்குள்ள அடங்குது, வெல கூட. இன்னொண்ணு தோள்ல தூக்கி வச்சு எடுக்குறது, பழசு. எது தேவலாம்?" என்றீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எதோட கேசட்டு டிவியில படம் போடுற நம்ம டெக்குல நேரா போவும்?"

"பெருசோடது."

"அப்ப அதான். ஒயர் மாட்டத் தெரியலன்னு நான் யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்."

நீங்கள் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி எதிர்வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கீழ்வேளூரில் வந்து இறங்கிய விடுப்பு முழுக்க ஒரே கூத்துதான். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எடுப்பீர்கள், நடவு நட்டால் எடுப்பீர்கள், நான் மீன் அலசினாலும் விடமாட்டீர்கள். கடைசி வாரம் பக்கத்து வீட்டு ஜமீலா, துபாயில் இருக்கும் தன் புருஷனுக்கு முகம் காட்டவென்று கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல மூச்சுவிடாமல் நின்றாள். "இது போட்டோ இல்லம்மா, வீடியோ. பேசு" என்று நீங்கள் கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் உதடு பிரியாமல், "எடுத்துட்டீங்களாண்ணே?" என்றாள். அந்த ஒரு பேச்சைத்தான் அவள் புருஷன் அங்கே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார் என்று பிறகு போனில் சொன்னீர்கள்.

எடுத்த கேசட்டையெல்லாம் நீங்களே கொண்டுபோய்விட்டீர்கள். புறப்படுவதற்கு முன்னால் நான் கேட்டேன்: "எங்கள எடுத்துட்டீங்க. உங்கள யாரு எடுக்குறது?" "நான்தான் எதிர்ல நிக்கிறேனே" என்றீர்கள். அப்போது நின்றீர்கள்தான்.

அடுத்த விடுப்பு வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். எனக்கு வந்து சேர்ந்தது உங்கள் பெட்டி. துணிக்கு அடியில் அந்தக் கேசட்டுகள். ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். வயல் இருக்கிறது, ஜமீலா இருக்கிறாள், நான் இருக்கிறேன், மீன்கூட இருக்கிறது. நீங்கள் எதிலும் இல்லை. அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரையே எடுத்த மனுஷன் ஒரு தடவை அதை அடுத்தவர் கையில் கொடுத்திருக்கக் கூடாதா?

அப்புறம் ஒரு பகலில் கேசட்டை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். படம் கண்ணில் படாததால் காது திறந்தது. யாரோ மூச்சு விடுகிறார்கள். ஓடிவந்து பார்த்தால் திரையில் வெறும் வரப்பு. தோளில் வைக்கும் கேமரா அல்லவா, அதன் மைக் உங்கள் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வரப்பில் நடந்தால் உங்களுக்கு இரைக்கிறது. உட்கார்ந்ததும் அடங்குகிறது. இடையிடையே மூக்கை உறிஞ்சுகிறீர்கள். அன்று வெங்காயம் அப்படியே காய்ந்து கிடந்தது.

நேற்று அந்தக் கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக் காட்டினார். "புது மாடல்ங்கம்மா. எடுக்குறவங்க சத்தம் கொஞ்சமும் விழாது. முன்னாடி இருக்குறது மட்டும் சுத்தமா பதியும்."

"விழணும்ங்க. அப்படி ஒண்ணு குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருந்ததிலேயே மட்டமானதை மகனே எடுத்து, கண்ணருகில் வைத்து, என்னைக் கொஞ்ச நேரம் படம் பிடித்தான். கடைக்காரர் அதை டிவியில் போட்டுக் காட்டினார். மூச்சு கேட்டது. சின்ன மூச்சு, சீரான மூச்சு. அவன் முகத்தில் உங்கள் சாயல் இருக்கிறது, மூச்சில் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இனி இந்த வீட்டில் நான் ஒருத்திதான். உங்கள் கேசட்டுகள் தேய்ந்து, படத்தில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. தேயட்டும். எனக்கு அதெல்லாம் மனப்பாடம். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். வயல் வரும்போது உங்கள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய்க்காலுக்கும் அப்படித்தான். நான் அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறேனே, அங்கே மட்டும் அது ஒரு கணம் நின்றுவிடுகிறது.