கீரிமலையில் கரைத்த பெயர் தெரியாத எலும்புகள்

அன்புள்ள அண்ணை,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. ஏழு வருடம் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காதவன் இப்போது கடிதம் எழுதுகிறேன். சிரிப்பீர்களோ, சுருட்டி எறிவீர்களோ?

ஒரு புதினம் சொல்ல வேண்டும். பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது, ஏழு வருடத்துக்கு முன் நம்முடைய காணியில் வந்தது போலவே, எலும்போடு ஒரு பெரிய தாழி வந்தது. போன கிழமை கொழும்பிலிருந்து புதைபொருள் ஆராயும் ஐயா ஒருவர் வந்து, இரண்டு நாள் குழிக்குள்ளேயே இருந்தார். நானும் வரம்பில் குந்தியிருந்து பார்த்தேன். எலும்புகளுக்குப் பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக இரண்டு மண் வட்டில். ஒன்றில் கரிந்த நெல், மற்றதில் மீன்முள்.

"செத்தவருக்குப் படைச்ச சாப்பாடு. அந்தக் காலத்துச் சனம் என்ன விதைச்சது, கடலிலை என்ன பிடிச்சது எண்டு இதிலை இருந்துதான் அறியிறம்" என்றார்.

"எங்கடை எட்டாம் நாள் செலவுப் படையல் மாதிரியோ?" என்று கேட்டேன்.

"ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்."

நம்முடைய தாழிக்குள்ளும் வட்டில் இருந்ததே, அண்ணை. "ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். நான் சுன்னாகம் போய்க் கொழும்புக்குத் தந்தி அடிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். நான் கேட்டேனா? மகளின் கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. வளவுக்குள் பிணத்தின் எலும்பு கிடந்தால் துடக்கு, நல்ல காரியம் கூடாது என்று ஊர் கதைத்தது. எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, மாட்டு வண்டில் பிடித்துக் கீரிமலைக்குக் கொண்டுபோனேன். குருக்களைக் கொண்டு, பெயர் தெரியாத அந்தச் சீவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வித்துக் கடலில் கரைத்தேன். சாவுப் பானை வீட்டில் இருக்கக்கூடாது என்று தாழியையும் வட்டில்களையும் அடித்து நொறுக்கினேன். புண்ணியம் செய்ததாகவே நம்பினேன்.

நீங்கள் வந்து வெறும் குழியைப் பார்த்தீர்கள்.

"அந்தாளின்ரை ஆக்கள் எல்லாக் கிரியையும் செய்துதானே வைச்சவை. திரும்பச் செய்ய நீ ஆர்?"

என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான். கலியாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. நானும் வீம்பு பிடித்தேன்.

எங்கள் தாழியில் என்ன இருந்தது என்று அந்த ஐயா என்னையும் கேட்டார். "பாக்கேல்லை" என்றேன். வட்டிலைக் கவிழ்த்துக் கொட்டியவனே நான்தான். குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

அதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. உங்களுடைய எட்டுச் செலவுக்கு நான்தான் சந்தைக்குப் போனேன். சின்ன வயதில் விளைமீன் குழம்பென்றால் சட்டியை வழித்துத் தின்பீர்களே, அந்த நினைப்பில் கூடை நிறைய விளைமீன் வாங்கி வந்தேன். உங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில் மச்சாள் கூடையைப் பார்த்தபடி நின்றார்.

"அவர் மீன், மச்சம் எல்லாம் விட்டு அஞ்சு வருசம், தம்பி."

என்றைக்கோ செத்த ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று கொழும்பிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டார். இரண்டு வளவு தள்ளி இருந்த என் அண்ணை என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் மீனை விட்டீர்கள்? நோயோ, விரதமோ? யாரிடம் சொன்னீர்கள்?

வருடம் முடிந்து வரும் ஆட்டைத் திவசத்துக்கு முன் எல்லாம் அறிந்துகொள்வேன். நாளைக்கே மச்சாளிடம் போய் இருந்து கேட்பேன். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் அதையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வேன்.

உங்கள் ஒரே தம்பி