என் குரலில் உங்கள் பேச்சு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஜேடர்பாளையத்துக்கு மீன் சாப்பிடப் போனேன். அவள்தான் காரை ஓட்டினாள். வழிக்காகக் கைப்பேசியைப் பேசவிட்டிருந்தாள். "சிறிது தூரத்தில் இடதுபுறம் திரும்பவும்" என்றது அந்தப் பெண்குரல், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் குரலோடுதானே உங்களுக்கு அத்தனை சண்டை.

குமாரபாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தக் கணினி வகுப்பில்தான் உங்களை முதலில் பார்த்தேன். மற்ற எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். நரைத்த தலை நம் இருவருடையதும்தான், அதனால் நீங்களாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. கையில் குழந்தைகள் எழுதிப் பழகும் வெள்ளைப் பலகை.

பாடம் எடுத்த பெண், எதற்காக நிரல் எழுதக் கற்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். வேலைக்கு என்றார்கள் பிள்ளைகள். பெங்களூரில் இருக்கும் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்று நான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஆனால் உண்மை அதுதான். அவள் தினமும் போனில் பேசுவாள். வேலையில் ஏதோ சிக்கல் என்பாள். "சாப்பிட்டாயா" என்று கேட்பேன். அதற்கு அடுத்த கேள்வி என்னிடம் இருக்காது.

உங்கள் முறை வந்தபோது பலகையில் எழுதித் தூக்கிக் காட்டினீர்கள்: "என்ற பையன் போனைக் கட் பண்ணிப்போட்டான். அதுக்குத்தான்."

யாருக்கும் புரியவில்லை. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது எனக்கு மட்டும் எழுதி எழுதி விளக்கினீர்கள். துண்டுக் கடையில் நாளெல்லாம் கூவிப் பேசி வியாபாரம் செய்தவர் நீங்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து, சேலத்தில் அறுவை செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மகன் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விடுவான், மாதக்கணக்கில் வரமாட்டான். எழுதினதைப் படித்துக் காட்டும் ஒரு செயலியை உங்கள் தங்கை மகள் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். அவன் கூப்பிட்டபோது ஆசையாக அதைப் பேசவிட்டீர்கள். "நான் நலமாக இருக்கிறேன், நீ எப்போது வருகிறாய்" என்றது. எண் மாறி ஏதோ கம்பெனியின் பதிவுக் குரலுக்குப் போய்விட்டது என்று நினைத்து அவன் வைத்துவிட்டான்.

"நா என்னைக்குடி நலமா இருக்கறேன்னு சொல்லீருக்கறேன்?" என்று கடைசியில் எழுதினீர்கள். உங்கள் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரிக்கிறீர்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

உங்கள் பேச்சை உங்கள் பேச்சாகவே சொல்லும் ஒன்றை நீங்களே செய்வது என்று முடிவு. திரையில் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு வாக்கியம் கேட்க வேண்டும். அறுவைக்கு முன்னால் உங்கள் குரலைப் பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் பலகையை என் மடியில் வைத்தீர்கள். "உன்ற குரலைக் குடு அம்மிணி."

எங்கள் வீட்டைச் சுற்றிலும் தறி. சாப்பாட்டு வேளையில் தறிகள் நிற்கும்போதுதான் பதிய முடியும். நீங்கள் எதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயசைத்து, கையை ஆட்டிச் சொல்லிக் காட்டுவீர்கள். அதைப் பார்த்து நான் பேசவேண்டும். நான் பிறந்ததிலிருந்தே மெல்லப் பேசுகிறவள். பேரம் பேசத் தெரியாது, அதட்டத் தெரியாது. "அந்த வெலைக்கெல்லாம் ஆவாதுங்க" என்பதை எத்தனை தடவை பேசியும் உங்களுக்குத் திருப்தி இல்லை. "நீ கெஞ்சற. நா கெஞ்சமாட்டேன்" என்று எழுதினீர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடு சொன்னதைத்தான் வைத்துக்கொண்டீர்கள்.

முதன்முதலில் ஓடவிட்டபோது எல்லாம் ஒன்று தள்ளிப் பேசியது. "வாங்க, உக்காருங்க" என்ற பொத்தானைத் தொட்டால் "போதும், கெளம்புங்க" என்றது. இருவரும் ஒருநாள் முழுக்கத் தேடினோம். கணினி ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்யத்திலிருந்து எண்ணும், நாம் அதை மறந்துவிட்டோம். "மொதல்ல உக்காந்திருக்கறவளை இதுவும் கண்டுக்கறதில்லையா" என்று எழுதினீர்கள். அன்று மாலை மகள் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தானும் அதே தவறைச் செய்து பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்க அன்று மறந்தே போனேன்.

குரல் போனபிறகு உங்களை நோகடித்தது வலி இல்லை என்று சொல்வீர்கள். பேசமுடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்து எல்லோரும் கத்துவார்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள். மகனுக்குத் திருச்செங்கோட்டில் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் ஆனது. என்னையும் கூட்டிப்போனீர்கள். பெண்ணின் மாமா நல்ல மனிதர்தான். ஆனால் உங்களைத் தாண்டி மகனைப் பார்த்து, "அம்மாவுக்குச் சம்மதந்தானுங்களா மாப்ளே?" என்று கேட்டார்.

நீங்கள் கைப்பேசியை எடுத்துத் தொட்டீர்கள்.

"என்னையக் கேளுங்க. நா இங்கதான உக்காந்திருக்கறேன்."

என் குரல்தான். ஆனால் நான் யாரிடமும் அப்படிப் பேசியதே இல்லை. மாமா எழுந்து உங்கள் எதிரே வந்து உட்கார்ந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அவருக்குத் தலையசைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து இன்னொரு பொத்தானைத் தொட்டீர்கள்.

"உனக்குப் புடிச்சிருக்குதா சாமி? அதைய மொதல்ல சொல்லு."

அவள் கைப்பேசியைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான், "புடிச்சிருக்குதுங்க" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்தீர்கள். வாரம் ஒருமுறை புது வாக்கியங்களோடு வருவீர்கள். மருமகளை அதட்ட ஒன்று, கொஞ்சுவதற்குப் பல. மகன் எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் "சொல்லு சாமி" என்று எடுப்பீர்கள், அவன் வைத்ததே இல்லை. பிறகு நோய் திரும்பி வந்தது. இந்த முறை மருத்துவர்கள் அதிகம் பேசவில்லை. அந்த நோயிலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு மகன் உங்கள் கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்தான். "இதுல பேசறது பூராவும் உங்க குரலுதானுங்க சின்னம்மா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா அழிச்சுப்போடலாம். ஆனா எங்களுக்கு அது அம்மா குரலாவே ஆயிப்போச்சுங்க" என்றான். வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

மகளோடு மீன் சாப்பிட்டுத் திரும்பும் வழியில், உங்கள் வீட்டில் இறங்கிக்கொண்டேன். வாசலில் நின்று, "சாமி, ஊட்ல இருக்கறயா?" என்று கூப்பிட்டேன்.

"இருக்கறனுங்க அத்தை" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. பிறகுதான் உங்கள் மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். என்னை அவள் கூப்பிடுவது சின்னத்தை என்று. உங்கள் சொந்தக் குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் சொன்னதைத் திருத்திக்கொள்ளவில்லை. எனக்கும் அவளைத் திருத்தத் தோன்றவில்லை.

"தண்ணி கொண்டா சாமி" என்றேன், நீங்கள் சொல்லும் விதத்திலேயே. கொண்டுவந்தாள்.