தட்டத்தான் சொல்லியிருக்கு

இன்று காலையில் உம்ம வீட்டம்மா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் வைத்தாள். அவிழ்க்கவே வேண்டாம். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்து எண்ணெயில் பொரிந்த வாசனை. முந்திரிக்கொத்து. மாதத்தின் முதல் ஞாயிறு. நம்ம தாராவிச் சந்தின் தோல் நாற்றத்தைத் தள்ளிக்கொண்டு அது மூக்கில் ஏறியதும் நீர்தான் வாசலில் நிற்கிறீர் என்று நினைத்து, “என்னவே, அண்ணன் தரிசனத்துக்குக் கிளம்பியாச்சா?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற மடல் இது. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளும். மேலே உமக்கு வேறென்ன வேலை?

முதல் ஞாயிறு என்றால் உம்ம சபையில் திருவிருந்து. எல்லாரும் வரிசையாகப் பீடத்துக்குப் போவார்கள். நீர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வருவீர். நான் மதிலில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருப்பேன். சுடலைமாடனுக்கு வருஷத்தில் ஒரு கிடா வெட்டுவதோடு என் பக்தி முடிந்துவிடும்.

“ஏம்வே, உள்ளே ஓசியில திராட்சரசம் குடுக்காவ. அதையும் வேண்டாங்கீரு?”

“அண்ணனுக்கு எம்மேல மனத்தாங்கல் இருக்கு. அதைத் தீக்காம அந்த மேசைக்கு வராதேன்னு ஆண்டவரு சொல்லியிருக்காரு. வாரும், ரயிலுக்கு நேரமாச்சு.”

ஊரில் உங்க அம்மை இறந்தபோது நீர் லீவில் அங்கே இருந்தீர். தந்தி கண்டு அண்ணன் பம்பாயிலிருந்து ரயிலேறினார். அங்கே மழை, உடல் தாங்காது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். நீரும் சரி என்றீர். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து இறங்கிய அண்ணன் மூடின குழியைத்தான் பார்த்தார். “பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட விடாம பண்ணிட்டியேடா” என்று சொன்னதுதான் கடைசி. அதன்பிறகு உம்மிடம் பேசவில்லை.

அதிலிருந்து மாதாமாதம் இந்த யாத்திரை. சூனாபட்டி ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறி, அண்ணன் இருக்கிற மான்குர்த். உம்ம கையில் முந்திரிக்கொத்து. அண்ணன் வீட்டுச் சந்தில் எல்லா வீட்டுக் கதவும் பகலில் திறந்துதான் கிடக்கும். சந்து முனையில் நம் தலை தெரிந்ததும் ஒரே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். நீர் போய் மூன்று தட்டு தட்டுவீர். “அண்ணே, நாந்தான்” என்பீர். கொஞ்சநேரம் நிற்பீர். திரும்புவீர். மான்குர்த் பிளாட்பாரத்தில் பொட்டலத்தை என்னிடம் நீட்டுவீர். நீர் தின்ன மாட்டீர், அன்று உமக்கு உபவாசம். உம்ம கீழ்ப்படிதலில் கொழுத்தவன் நான்தான்.

ஒருமுறை மதினி மட்டும் சந்து முனைவரை ஓடி வந்தாள். “கொழுந்தனாரே, இனி வராதிய. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு அவுக சோறு திங்கமாட்டேங்காவ.”

அதைக் கேட்டு நீர் வருத்தப்படுவீர் என்று பார்த்தால், ரயிலில் உம்ம முகம் கல்யாண வீட்டு விளக்குப் போல இருந்தது. “அண்ணனும் பட்டினிதானாம்வே” என்றீர். எனக்கு எரிச்சல். “ரெண்டு பேரும் பட்டினி கிடந்து என்னை வயிறு வீங்கிச் சாகடிக்கப் போறிய” என்றேன்.

உம்ம சபையிலும் சும்மா இருந்தார்களா? இவன் ஏதோ மறைவான பாவம் பண்ணியிருக்கிறான், அதனால்தான் திருவிருந்து எடுப்பதில்லை என்று பேசினார்கள். உம்மைக் கண்டதும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருநாள் மான்குர்த்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

“வே, அது தகரக் கதவுதான். ஒரு தள்ளு தள்ளிப் பாக்கட்டுமா?”

“வேண்டாம்வே. சாத்துறது அவரு பாடு. எனக்குத் தட்டத்தான் சொல்லியிருக்கு, தள்ளச் சொல்லல.”

போன மழைக்காலத்தில், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர். பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் உம்ம வீட்டம்மா குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, மான்குர்த்துக்குப் போய் அத்தானக் கூட்டிட்டு வாங்க. அவுக வராம பெட்டி நகராது. ஒருதடவை அவசரப்பட்டது போதும்.” போதகர் மழையைக் காட்டினார். அவள் அசையவில்லை.

நான் ஓடினேன். சந்து முனையில் என் தலை தெரிந்ததும் வழக்கம்போல அந்தக் கதவு சாத்திக்கொண்டது. எனக்கு எந்த ஆண்டவரும் எதுவும் சொல்லவில்லையே. தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தேன். அது லேசாகத் திறந்துகொள்ள, உள்ளே போய்க் குப்புற விழுந்தேன். கொண்டி போட்டிருக்கவில்லை.

“அவுக என்னைக்குமே கொண்டி போட்டதில்லையே” என்றாள் மதினி. “சும்மா சாத்தத்தான் செய்வாவ.”

அண்ணன் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். “தம்பி எங்கவே?” என்றார்.

அவர் கையைப் பிடித்துத் தூக்கி, ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனேன்.

நாங்கள் வந்து சேரும்வரை உம்மை வைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் ஒரு பிடி ஈரமண் எடுத்து உம்ம பெட்டிமேல் போட்டார். பிறகு குனிந்து இன்னொரு பிடி எடுத்தார். “இது அம்மைக்குடா” என்றார். அதற்கப்புறம் அவரை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வே, இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு விரலால் தள்ளியிருக்கக்கூடாதா? அவருக்கும்தான் எழுந்து வரத் தெரியவில்லை. உம்ம மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உம்ம ஆண்டவர் மேலும் இருக்கிறது. அவரிடம் சொல்லும், பயமில்லை எனக்கு.

ஆனாலும் முதல் ஞாயிறு வந்தால் என் கால் மான்குர்த்துக்குத்தான் போகிறது. பொட்டலத்தை இப்போது ரயிலில் அவிழ்ப்பதில்லை. அண்ணன் ஒன்று எடுத்து, பல் இல்லாத வாயில் வெகுநேரம் ஊறவைத்து, சுவரைப் பார்த்தபடி தின்கிறார். அந்தக் கதவை இப்போது அவர் சாத்துவதே இல்லை, மழையானாலும்.

அகலத் திறந்து கிடக்கிற கதவில் மூன்று தட்டு தட்டிவிட்டுத்தான் நான் உள்ளே நுழைகிறேன். சந்துக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் சடாரென்று தலை தூக்குகிறார்.