நீ வரையாத நீலப் படம்

அன்புள்ள கரிக்கு,

நலமா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை. உன் அம்மாவிடம் கேட்டுத்தான் இந்த முகவரியை வாங்கினேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நீ பூனதானே, உனக்குக் குடுத்தா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். விடுதியில் நீ எனக்கு வைத்த பெயர் உங்கள் வீடு வரைக்கும் போயிருக்கிறது. நான் இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன். நான் உள்ளே இருப்பது தெரியாமலே அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போன கதையெல்லாம் உண்டு.

எங்கள் கண்காட்சி அழைப்புக்குப் பதிலாக மின்னஞ்சலில் நீ அனுப்பிய ஒற்றை வரி வந்தது. "நான் வரையாத படத்த வெச்சு என்னைக் கிண்டல் பண்ணணும்னு எத்தன நாளா காத்திட்டிருந்த?" அதன் பிறகு நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். தாளைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுக்க வேண்டுமே. சத்தியமாகக் கிண்டல் இல்லை, கரி. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு கலைக்கூடத்தில். பெயர்தான் பெரிது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை, மேடம், வலைத்தளம் பார்க்கும் அண்ணன், நான், எப்போதும் எதையாவது விழுங்கிவிடும் ஓர் அச்சுப்பொறி. வாடகை கட்டுப்படியாகாததால் கண்காட்சி எல்லாம் இப்போது இணையத்தில்தான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல படம் மாட்டுறா" என்கிறாள். ஆணி அடிக்காமல் எப்படி மாட்டுவது என்று அப்பாவுக்கு இன்னும் சந்தேகம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளின் உத்தியோகம் இதுதான்.

இந்த முறை தலைப்பு, செயற்கை நுண்ணறிவு. எந்திரத்தோடு சேர்ந்து வரைந்தவர்களும் வரலாம், அதைத் திட்டி வரைந்தவர்களும் வரலாம். ஓவியர்களை அழைப்பது என் பொறுப்பு. போன் பண்ணு என்றார் மேடம். தெரியாதவரிடம் ஹலோ சொல்வதற்குள் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாதா? எழுதுகிறேன் என்றேன். ஒவ்வொருவர் படத்தையும் தேடிப் பார்த்து, அதைப் பற்றி இரண்டு வரி சேர்த்து எழுதினேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு வாரம் போயும் ஐந்தாறு பேரைத்தான் அழைத்திருந்தேன். மேடம் பொறுமை இழந்துவிட்டார். "தலைப்பே அதுதானேம்மா, அதையே எழுதச் சொல்லு" என்று மீதிப் பெயர்களை எந்திரத்திடம் கொடுத்தார். தேநீர் ஆறுவதற்குள் அது எல்லோருக்கும் அழைப்பு எழுதி முடித்தது. ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கலைஞரின் ஒரு படைப்பை மனமுருகப் பாராட்டியிருந்தது. மேடம் அப்படியே அனுப்பிவிட்டார். பாராட்டப்பட்டவற்றில் பாதி இந்த உலகத்திலேயே கிடையாது.

பதில்கள் வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஓர் ஓவியர், அந்தப் படம் தன்னிடம் இல்லை, யாரோ திருடியிருக்கிறார்கள், உடனே மீட்டுத் தர வேண்டும் என்று சண்டை பிடித்தார். ஒரு புகைப்படக்காரர் இல்லாத படத்தைத் தன் சாதனைகளில் சேர்த்தே விட்டார். ஒரு சிற்பிதான் எல்லோரையும் மிஞ்சினார். "என் மரக்குதிரையை நினைவு வைத்திருக்கிறீர்களே, கண் கலங்கிவிட்டது" என்று எழுதினார். அவர் வாழ்நாள் முழுவதும் கல்லைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

உனக்கு வந்ததையும் அப்புறம்தான் படித்தேன். கரித்துண்டைத் தவிர வேறெதையும் கையில் எடுக்காதவளிடம் போய் அது நீலத்தைப் பாராட்டியிருக்கிறது. பேருந்தின் கடைசி இருக்கையில் ஒரு பெண், சன்னல் முழுக்க நீலம், அவள் கிளம்பிப் போகிறாளா திரும்பி வருகிறாளா என்று படம் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறது. பொய்தான். ஆனாலும் படித்ததும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இல்லாத ஒன்றை எங்கிருந்து எடுத்தது? உன் பெயரைக் கேட்டதும் அதற்கு ஏன் பேருந்து தோன்றியது? இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வேலை பார்த்த அந்தப் புத்தக நிறுவனம் உன் படங்களையெல்லாம் எந்திரத்துக்கு ஊட்டிவிட்டு உங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். நீ இப்போது மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதையும் உன் அம்மா சொன்னார். அதனால்தான் அழைக்கிறேன். திட்டுவதற்காவது வா. உனக்குத் திரையில் ஒரு சுவர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பூனை

* * *

அன்புள்ள கரிக்கு,

முதல் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்தும் பேசாமல் இருக்கிறாய் என்றுதான் தோன்றுகிறது. இருக்கட்டும். இதற்கு மட்டும் பதில் வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். அன்றைக்குத்தான் கண்காட்சி திறக்கிறது.

திங்களன்று மேடம் உன் சுவரைப் பார்த்து, "இது ஏன் காலியா கெடக்கு?" என்று கேட்டார். நீ பதில் சொல்லவில்லை என்றேன். "வர்ணனதான் இருக்கே. அதையும் அவங்க பழைய படம் நாலையும் குடுத்தா அதுவே வரைஞ்சிடும். தலைப்புக்கும் பொருத்தமா இருக்கும்" என்றார். கல்லூரி மலரில் வந்த உன் படங்களை அண்ணன் தேடி எடுத்துக் கொடுத்தார். மேடத்தைக் கெட்டவர் என்று நினைக்காதே. யார் வேலையையோ எடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

படம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே பேருந்து, அதே நீலம். கோட்டை அழுத்தி ஆரம்பித்து முடிவில் தேய்த்துவிடுவாயே, அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் கவனித்தேன். அந்தப் பெண் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நீ வரைந்தவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவர்கள். பேராசிரியர் அதைப் பற்றி, முகமற்ற காலத்தின் முதுகு என்றெல்லாம் பேசினாரே, நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். "கொஞ்சம் திரும்புடி, கடிச்சா தின்னுடுவேன்?" என்று நீ கெஞ்சுவாய். நான் கூச்சத்தில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பேன். உனக்குக் கிடைத்த ஒரே ஆள் நான். என் முதுகை வரைந்து வரைந்து அதுவே உன் பாணி ஆகிவிட்டது. இது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நாலு முதுகைப் பார்த்துவிட்டு, பாவம், முகம் விட்டுப்போயிற்று என்று நினைத்துப் போட்டுவிட்டது போலிருக்கிறது.

அதன் கீழே உன் பெயரை அண்ணன் தட்டச்சு செய்தபோது நான், "வேண்டாம்" என்றேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். அண்ணன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன பூகம்பமா?" என்று சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. நான், இது அவள் வரைந்தது இல்லை, அவள் பெயரைப் போடக் கூடாது என்றேன். மேடம் சொன்னார், "வேண்டாம்னு அவங்களே சொல்லட்டும், எடுத்துடறேன். ஒண்ணுமே சொல்லலன்னா சம்மதம்னுதானேம்மா அர்த்தம்?"

சும்மா இருப்பதெல்லாம் சம்மதம் என்றால் நான் இதுவரை எதற்கெல்லாம் சம்மதித்திருப்பேன் என்று நினைத்தேன். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. உன் பெயரில் நானே ஒரு மறுப்பை எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் உன் இடத்தில் வேறொருவர் நின்று பேசுவதைத்தானே நான் வேண்டாம் என்றேன்?

வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. உன் வாயால் ஒரு வார்த்தை சொல். என்மேல் கோபம் இருந்தால் அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மேடத்தின் எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவசரமாக,
பூனை

* * *

என் கரிக்கு,

நீ வியாழக்கிழமை மேடத்தோடு பேசியபோது நான் எதிரில்தான் இருந்தேன். உன் குரல் கேட்கவில்லை. மேடம், "சரிங்க" என்று தொடங்கி, "சரிம்மா" ஆகி, கடைசியில், "சரி சரி சரி" என்று முடித்தார். போனை வைத்துவிட்டு, "உன் ஃப்ரெண்டு எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. படத்தையும் பெயரையும் உடனே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவரையும் போனில் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எதையும் மாட்டுகிறோம். கேட்பது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். முதல் வார்த்தைதான் கஷ்டம், அப்புறம் அவர்களே பேசிவிடுகிறார்கள். அந்தச் சிற்பி இப்போது நிஜமாகவே மரத்தில் குதிரை செதுக்குகிறாராம். விரலை வெட்டிக்கொண்டார், குதிரைக்கு இன்னும் காது வரவில்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. நலமா என்றுகூடக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறாய். "அந்தப் பொண்ணு மொகம் எப்படி இருந்துச்சு? உன்ன மாதிரி இருந்துச்சா?" நீ கோபமாகக் கேட்கிறாயா, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறாயா என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆசை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இல்லை, என்னைப் போல இல்லை. அழகான முகம். கண், மூக்கு எல்லாம் அளவெடுத்து வைத்தது போலிருந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை, ஆனாலும் என்னவோ இடித்தது. படத்தை எடுப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தேன். ஒருவர் நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கன்னத்தில் ஒரு கூச்சம் ஏறுமே, உதடு எங்கே போய் ஒளிவது என்று தவிக்குமே, அது அவளிடம் இல்லை. அந்தப் பெண்ணை இதுவரை யாருமே பார்த்ததில்லை, கரி. அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

படத்தை அனுப்பச் சொல்லியிருந்தாய். அச்சடித்து எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் தபாலில் அனுப்ப மனமில்லை. அடுத்த மாதம் எனக்கு நாலைந்து நாள் விடுமுறை வருகிறது. யார் வீட்டுக்கும் நானாகப் போகிறேன் என்று இதுவரை கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. நான் வரட்டுமா? உன் அறை சின்னது என்று உன் அம்மா சொன்னார். எனக்கு ஒரு மூலை போதும். நீ வேலைக்குப் போய்விட்டு வரும்வரை சமைத்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். எதையும் கேட்க மாட்டேன், கண்காட்சி பற்றிப் பேசவும் மாட்டேன்.

கொஞ்சம் தாள் மட்டும் கொண்டுவருகிறேன், நீ வாங்குவாயே, அந்தச் சொரசொரப்பான தாள். வேறொன்றும் இல்லை, பெட்டியில் இடம் இருக்கிறது, அதனால்தான். உன் அறையில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மட்டும் எழுது, நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலை எதிர்பார்த்து,
பூனை