மூன்றாம் நோன்பில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன்

என் பிரியமுள்ள சாதிக் அண்ணனுக்கு, நீங்கள் உறங்கும் கபரில் வெளிச்சம் நிறைந்திருக்கட்டும்.

படிப்பு உதவித்தொகை எனக்குக் கிடைத்துவிட்டது. மனநலமும் போதை மீட்பு ஆலோசனையும் சேர்ந்த இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. இந்தத் துறைக்குப் படிக்க வரும் முஸ்லிம் பிள்ளைகளுக்கென்றே, இங்கே மைசூரில் ஓர் அறக்கட்டளை தருகிற உதவி அது. அதை வாங்க உங்களைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் கேட்டுக்கொண்டு எழுத வழியில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

நம் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம். நீங்கள் குடித்துவிட்டு வரும் நாட்களில் அம்மா, "அண்ணனுக்கு ஓவர்டைமாம், சோத்த மூடி வை" என்பார். ஹெப்பாள் கம்பெனியின் ஓவர்டைம் பஸ்ஸும் உங்களை இறக்காமலே நம் தெருமுனையைத் தாண்டிப் போனதை நானும் பார்த்திருப்பேன், அவரும் பார்த்திருப்பார். ரமலான் பிறை தெரிந்தால் மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடுவீர்கள். கை இரண்டு நாள் நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். அம்மாவுக்கு அந்த மாதம் முழுக்கப் பெருநாள்தான்.

கடைசி வருஷம் காலையிலேயே குடிக்க ஆரம்பித்திருந்தீர்கள். அந்த ரமலானுக்கும் வழக்கம்போல நிறுத்தினீர்கள். மூன்றாம் நோன்பு அன்று மதியம் உங்கள் பனியன் வேர்வையில் நனைந்து கிடந்தது. "நூரு, சுவத்துல என்ன இத்தன எறும்பு? தொடச்சு வுடு" என்றீர்கள். சுவரில் ஓர் எறும்பும் இல்லை. நான் துணி எடுத்து வெறும் சுவரைத் துடைத்தேன். "நோன்பு மயக்கம். தொறந்தாச் சரியாப் போயிரும்" என்றார் அம்மா. நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கையில் வலிப்பு வந்தது. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன் எல்லாம் முடிந்துவிட்டது.

"நோன்போட மவுத்தானான். அது எல்லாருக்கும் கெடைக்காது." வந்தவர்களிடமெல்லாம் அம்மா இதைத்தான் சொன்னார். அவருக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பி.ஏ. உளவியல் கடைசி வருஷம் பயிற்சிக்கு ஒரு போதை மீட்பு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸ் அக்கா, வருகிறவர்களின் பெயரைக் கேட்பதற்கு முன்பே கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்பார். ஏன் என்று கேட்டேன்.

"தெனமும் நெறையக் குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரும்மா. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உசுரே போயிரும் சில பேருக்கு. டாக்டர் பார்த்து மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்" என்றார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். கையெழுத்து ஒழுங்காகவே வந்தது. வீட்டுக்குப் போனதும் அந்தச் சுவர் இருக்கிற அறைக்குள் போகவில்லை. மூன்று வருஷம் படித்தவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உதவித்தொகை விண்ணப்பத்தில், இந்தப் படிப்பு ஏன் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். சமுதாய சேவைக்காக என்று முதலில் எழுதினேன். யார் வேண்டுமானாலும் அதை எழுதலாம் என்று தோன்றியது. கிழித்துவிட்டு நடந்ததை எழுதினேன். கீழே அம்மாவின் கையெழுத்தும் வேண்டியிருந்தது.

"அர்ஜியப் படிச்சுக் காட்டு. என்ன ஏதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். வேறு எதையாவது வாசித்திருக்கலாம், அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனால் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியதையே வாசித்தேன்.

அம்மா அழவில்லை. "அப்ப நோன்பு புடிச்சதாலயா?" என்று கேட்டார்.

"நோன்பால இல்லம்மா. ஒரேயடியா நிறுத்தினதால. நமக்குத் தெரியல."

அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு எங்கிட்ட ஒரு வாய் பச்சத் தண்ணி கேட்டான்டி. நீ கடைக்குப் போயிருந்த. இன்னுங் கொஞ்ச நேரந்தான் ராசா, பல்லக் கடிச்சுக்கன்னுட்டேன்" என்றார்.

அந்த ஆறுதலுக்கு அடியில் இத்தனை நாளாக இது இருந்திருக்கிறது. "தண்ணி குடிச்சிருந்தாலும் வலிப்பு நின்னிருக்காதும்மா" என்றேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவர் நம்பினாரா? எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதையும் எழுதிரு. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார். தாளில் இடமில்லை. அவர் சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

நேர்காணல் விஜயநகரில் நடந்தது. அறக்கட்டளைத் தலைவர் மரக்கடை வைத்திருப்பவர். நான் எழுதியதை அவர் இன்னும் படித்திருக்கவில்லை.

"ஒரு புண்ணியவான் இந்தப் படிப்புக்குன்னே ஒதுக்கி வெச்சுட்டாரும்மா. ரெண்டு வருஷமா ஒரு அர்ஜி வரல. பி.எட்.டுக்கு மாத்திரலாம்னு பேசிட்டிருக்கோம். நீயும் பேசாம டீச்சர் ஆயிடேன். நம்ம ஜனத்துல குடி எங்கம்மா இருக்கு?"

வெளியாட்கள் முன்னால் எனக்கு எப்போதும் பேச்சு வராது. அந்த அரைப் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வேறு எதுவும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார். தெருவைப் பார்த்தபடி, "பிறைக்கு எத்தன நாள் முன்னாடிம்மா டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகணும்?" என்றார்.

"இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க சார்" என்றேன். யாரை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து உதவித்தொகைக் கடிதம் வந்தது.

நம் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன் அண்ணே. நோயாளி நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம், ஆஸ்பத்திரியில் தங்கிக் குடியை விடுகிறவரும் நோயாளிதான் என்றார். ரமலானுக்கு முந்தைய வாரம் பெண்கள் கூடும்போது என்னையே வந்து பேசச் சொல்லியிருக்கிறார். பத்துப் பேர் முன்னால் நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமே? அம்மாவிடம் சொன்னேன். "நானும் வாரேன். நீ பாதியில நின்னுட்டா மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்" என்கிறார்.

ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் இதைச் சொல்வேன். உங்களை நோயாளி என்றே சொல்வேன். வேறு எப்படியும் சொல்ல யாரையும் விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
நூர்ஜஹான்